இராத்தங்க இடம் பார்த்துத் தந்த மேகலா அக்கா

கலசப்பாக்கத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்த நான், தூரத்தில் போய்க்கொண்டிருந்த வடைத் தட்டைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். சட்டை அக்குளில் டர்ரென்று பிரிந்தது. எதிர் இலையில் இருந்த அம்மாள் என்ன சத்தம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சிரித்தார். நான் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, சிறகு அடிபட்ட கோழி மாதிரி மண்டபத்துக்குப் பின்னால் போய், அந்தச் சட்டையைத் தைத்துத் தந்த மேகலா அக்காவுக்குப் போன் போட்டேன்.

எடுத்தவுடனே ஆரம்பித்துவிட்டேன். "இன்னாக்கா தையல் இது? பந்தியில மானம் போச்சு. நீங்க தைக்கிற கோட்ட போட்டுக்கினு டாக்டருங்க கைய தூக்குனாலும் இப்பிடித்தான் பிச்சுக்குமா? ஊசி போட வந்தவன் எழுந்து ஓடிட மாட்டான்?" நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் பதிலே இல்லை. எப்போதும் அவர் பேச்சுக்குப் பின்னால் கடகடவென்று ஓடும் தையல் மிஷின் சத்தமும் இல்லை. அதையாவது கவனித்திருக்க வேண்டும். நான் பேச ஆரம்பித்தால் என் காது எனக்கே வேலை செய்யாது.

"மாமா, நான் குணா" என்றான் அவருடைய மகன். "அம்மா காலைல தவறிட்டாங்க. நெஞ்சு ஒரு மாதிரி கீதுன்னாங்க, ஆட்டோ வர்றதுக்குள்ள... நீங்க சட்டைய எடுத்துக்கினு வாங்க மாமா. நான் தைச்சுத் தர்றேன்."

செய்தி எனக்கு வந்த விதம் இதுதான். அக்கா இருந்திருந்தால் இதைச் செங்கம் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். சட்டை பிரிந்ததற்குத் தையல் காரணமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்பார். மகள் சந்தியா காலேஜ் போனதிலிருந்து அவள் பங்குச் சோற்றையும் நானே தின்று வருகிறேன். காவலூரில் நட்சத்திரம் பார்க்க வைத்திருக்கும் அத்தனை பெரிய கண்ணாடியைத் திருப்பி வைத்துத் தேடினாலும் இப்போது என் இடுப்பு அகப்படாது.

படத்திறப்புக்கு நினைவு மலர் அச்சடிக்கிறோம், நீங்கள் எழுதுங்கள் என்று குணா கேட்டான். "நீங்கதான் மாமா நல்லா பேசுவீங்க" என்றான். பத்தாம் வகுப்பைத் தவணை முறையில் கட்டி முடித்தவன் நான். பேசுவது வேறு, எழுதுவது வேறு என்று இந்தப் பக்கத்தை நிரப்ப உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. உட்கார்ந்தேன் என்பதும் பொய். ஒரு வரி எழுதுவதும், எழுந்து போய்ப் புளிய மரத்தைப் பார்ப்பதும், திரும்பி வருவதுமாக இருக்கிறேன். மரம் அங்கேயேதான் இருக்கிறது.

அக்காவை நம்மில் பலருக்குக் கோட்டு அக்காவாகத் தெரியும். சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். செங்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு தையல் கடை. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டும் தைப்பார். ஒரு பெண்ணுக்குத் தைத்துக் கொடுத்தது நன்றாக அமைந்துபோக, அவள் கூடப் படித்தவர்கள் கேட்க, அந்தக் காலேஜ் இந்தக் காலேஜ் என்று பஸ்ஸில் பார்சல் போய்க்கொண்டே இருந்தது. அப்படிச் சம்பாதித்த பழக்கத்தை வைத்து அவர் இன்னொரு வேலையும் செய்தார். மருத்துவப் படிப்புக்குக் கவுன்சலிங் போகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, முந்தின நாள் இரவு சென்னையில் தங்க இடம் பார்த்துத் தந்தார். லாட்ஜ் இல்லை, மண்டபம் இல்லை. ஏற்கெனவே அங்கே படிக்கிற மாணவர்களின் அறையில். கவுன்சலிங் என்பதை மலைமேல் இருக்கும் எங்கள் ஊர்ப் பக்கம் இன்றைக்கும் இன்டர்வியூ என்றுதான் சொல்வோம். அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வேலை எப்படி ஆரம்பித்தது என்று ஒருமுறை கேட்டேன். கோட்டு வாங்க வந்த ஒரு பெண், தான் இன்டர்வியூவுக்குப் போன கதையைச் சொன்னாளாம். இரவெல்லாம் அம்மாவும் அவளும் பஸ் ஸ்டாண்டில் பைமேல் உட்கார்ந்திருந்து, விடியலில் கட்டணக் கழிப்பறையில் உடை மாற்றி, ஹாலுக்குப் போய் நாற்காலியில் சாய்ந்தவள் தூங்கிவிட்டாள். பேர் கூப்பிட்டது தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் உலுக்கி எழுப்பியிருக்கிறார். அதைக் கேட்டதும் அக்காவின் கால் மிதிக்கட்டையில் நின்றுவிட்டதாம். மடித்து வைத்த கோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசம் நம்ம பக்கத்துப் புள்ள எது வந்தாலும் உன் ரூம்ல படுக்க வெக்கிறியா? வெக்கிறேன்னு சொல்லு, கோட்டு தர்றேன்" என்றாராம். அந்தப் பெண் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தக் கடையில் அப்படி வாக்குக் கொடுக்காமல் யாரும் கோட்டு வாங்கிப் போனதில்லை.

இடம் கேட்டு யார் போனாலும் அவர் செய்வது ஒன்றுதான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு மாணவராகக் கூப்பிடுவார். ஒருவருக்குப் பரீட்சை, ஒருவர் ஊரில் இல்லை, ஒருவர் அறையில் ஏற்கெனவே ஆள். பதில் வரும்வரை அவர் கால் மிஷினை மிதித்துக்கொண்டே இருக்கும். ஊசிக்குக் கீழே துணி இருக்காது. வெறும் மிஷின் ஓடும். இடம் கிடைத்தபிறகுதான் கால் நிற்கும். நானும் உட்காராத ஜாதி என்பதால் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். "சந்தியாப்பா, இப்பிடி நடந்துக்கினே இருந்தா மெட்ராஸே போய்டலாம். உக்காருங்க" என்பார், தன் கால் நிற்காமலே.

அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. முந்தின இரவு பிள்ளையோடு பெற்றவர்கள் தங்கக் கூடாது. தங்குவதற்கு அவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் வேறு அறை, வேறு தெரு. ஏனென்று கேட்டால், "புள்ளைங்க தூங்கிடும். பெத்தவங்கதான் தூங்க வுடமாட்டாங்க" என்பார்.

என் மகள் சந்தியா மலைப் பள்ளி விடுதியில் படித்து, நீட் எழுதி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் அழைப்பு வந்தபோது நானும் போய் அவர் கடையில் நின்றேன். இன்டர்வியூ என்றால் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்து, அதற்குள் மகளை உருப்போட வைத்து வாட்டி எடுத்திருந்தேன். நம் மாநிலப் பறவை எது, மந்திரி யார், உங்கள் லட்சியம் என்ன. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். பெருமையாக அக்காவிடம் சொன்னேன்.

"பறவையப் பத்திக் கேட்டு அவங்க இன்னா பண்ணப் போறாங்க, புடிச்சி வறுக்கவா?" என்றார். "அங்க ஒரே கேள்விதான் சந்தியாப்பா. எந்தக் காலேஜ் வேணும்? அவ்ளோதான். அவ சொல்லுவா, அவங்க அழுத்துவாங்க, முடிஞ்சுது. அப்புறம் மாத்த முடியாது."

"அதுக்கு பதில் ரெடியா கீதுக்கா. திருவண்ணாமலை."

"யாரு பதிலு?"

"எங்க பதிலு."

"உங்களயா கேப்பாங்க?"

எனக்குத் திருவண்ணாமலைதான் வேண்டும். காரணமாகப் படிப்பையோ காலேஜையோ சொல்ல மாட்டேன். காலையில் மலையிலிருந்து இறங்கினால் மத்தியானம் அவளைப் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடலாம். சாமை விதைப்பு நடக்கும்போதுகூட ஓடிப்போய் வரலாம். அவளுக்கு ஜுரம் என்றால் நான் பக்கத்தில் இருப்பேன். ஜுரத்தைப் பார்க்கிறதற்குத்தான் அவள் டாக்டருக்கே படிக்கப் போகிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. சந்தியா என்ன நினைக்கிறாள் என்று கேட்டேனா என்றால், கேட்டேன். "திருவண்ணாமலைதான?" என்று கேட்டேன். அவள் "ம்" என்றாள். அந்த "ம்" எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அதற்குள் ஊரில் வேறொரு சிக்கல். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நம் வீட்டுப் பெண் ஒரு வீட்டில் இராத்தங்குவது என்றால், அந்த வீட்டுக்காரர்கள் முன்னாலேயே நம் வீட்டில் கை நனைத்திருக்க வேண்டும். ஒரு வாயாவது சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிட்டவர்கள் சோறு போட்ட வீட்டுப் பிள்ளையைக் கைவிட மாட்டார்கள் என்று கணக்கு. விடுதியில் படித்தபோது வார்டனம்மாள் ஒருமுறை வந்து மோர் குடித்துவிட்டுப் போனதால் பிரச்சினை இல்லை. இப்போது மெட்ராஸில் முகம் தெரியாத வீடு. "அவுங்க யாரு, எவுரு? நம்ம வூட்ல கை நனைச்சாங்களா?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். என் வீட்டுக்காரியும் அவர் பக்கமே சாய்ந்தாள்.

அக்காவிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது. டவுன்காரர், சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மிஷினை மூடிவிட்டு, "ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றார்.

வந்தார். மலை வளைவு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இறங்கினார், முகம் வெளிறிப் போயிருந்தது. சர்க்கரை வேறு. வீட்டுக்குள் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்து, சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டதை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். ஊர்க்கவுண்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சாப்ட்டா ஆச்சா? ராவுக்கு புள்ள படுக்கப் போறது உன் வூட்லயா?" என்றார்.

"இல்லீங்க. பர்வீன்னு ஒரு பொண்ணு. வாணியம்பாடிக்காரி. மூணாவது வருசம் படிக்குது. கூடப் படிக்கிற புள்ளைங்களோட வூடு எடுத்துத் தங்கிக்கீது."

"அப்ப அது வந்து கை நனைக்கட்டும்."

"அதுக்குப் பரீட்சைங்க."

"அப்ப எங்க புள்ள எப்பிடிப் போவும்?"

நான் நடுவில் புகுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார். கவுண்டரைக் கேட்டார். "ஏங்க, அந்தப் பொண்ணு இங்க வந்துதான் சாப்டணுமா, இல்ல இந்த வூட்டு அடுப்புல செஞ்சத சாப்ட்டா போதுமா?"

கவுண்டர் மடக்கப்பட்டது எனக்கு நன்றாகத் தெரிந்தது. "அடுப்பு முக்கியம்" என்றார் கடைசியில்.

"அப்ப கெட்டுப் போவாததா ஒண்ணு செஞ்சு குடுங்க. புள்ள போறதுக்கு முன்னாடி அது போய்ச் சேந்துடும்."

அப்படித்தான் தினைமாவு உருண்டை வந்தது. என் வீட்டுக்காரி தினையை வறுத்து இடித்துத் தேன் விட்டுப் பிடித்து ஒரு டப்பா நிறைய அடைத்துக் கொடுத்தாள். இன்று இடம் கேட்டு வருகிற மலைப் பிள்ளைகள் எல்லாரும் முன்கூட்டியே உருண்டை அனுப்புகிறார்கள் அல்லவா? அது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று என் வீட்டில் அக்காவும் கவுண்டரும் பேரம் பேசி முடித்ததுதான்.

டப்பாவை வாங்கிப்போய்க் கோட்டு பார்சலோடு சேர்த்து அனுப்புவதாக அக்கா சொன்னார். நான்தான் கொடுக்கவில்லை. பார்சல் தொலைந்துவிட்டால்? கண்டக்டர் தின்றுவிட்டால்? "நானே பத்திரமா அனுப்பி வெக்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். வைத்தது வைத்தபடி மறந்தேன். சான்றிதழ்களைச் சரிபார்ப்பதும், மறுபடி சரிபார்ப்பதும், பிளாஸ்டிக் கவருக்குள் இன்னொரு பிளாஸ்டிக் கவர் போடுவதுமாக இருந்தவனுக்கு டப்பா எங்கே ஞாபகம் வரும்? சென்னையில் பர்வீன் வீட்டு மாடிப்படி ஏறும்போதுதான் தோள்பையில் ஏதோ இடித்தது. டப்பா. பெண்ணோடும் டப்பாவோடும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறேன்.

கதவு திறந்தது. ஒல்லியாக, கண்ணாடி போட்ட பெண். "வாங்க அங்கிள், வா சந்தியா" என்றாள். சந்தியா காலெடுத்து வைக்கப்போனாள். நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டேன். மெட்ராஸில் அத்தனை படித்த பிள்ளை முன்னால் இதை எப்படிச் சொல்வது? டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "அது வந்து பாப்பா... ஊர்ல ஒரு பழக்கம்..." என்று இழுத்தேன்.

பர்வீன் டப்பாவைப் பார்த்தாள். "தெரியும் அங்கிள். மேகலாம்மா போன் பண்ணிச் சொன்னாங்க. நீங்க அனுப்ப மறந்துடுவீங்கன்னும் சொன்னாங்க." டப்பாவை வாங்கித் திறந்தாள். நிலைப்படிக்கு உள்பக்கம் அவள், வெளிப்பக்கம் நாங்கள். ஒரு உருண்டையை எடுத்து முழுசாக வாயில் போட்டாள். தினைமாவு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது. மென்று மென்று கண்ணில் நீர் வர, கையால் சாடை காட்டினாள். கடைசியில் விழுங்கிவிட்டு, "இப்ப வரலாமா?" என்றாள் சந்தியாவிடம்.

சந்தியா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

எனக்கு அக்கா ஏற்பாடு செய்திருந்தது வேறொரு தெருவில் இரண்டு பையன்களின் அறை. நல்ல பிள்ளைகள். கட்டிலை எனக்கு விட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்தார்கள். நான் கட்டிலில் எங்கே உட்கார்ந்தேன்? "காலைல எத்தினி மணிக்குக் கெளம்பணும் தம்பி? பஸ்ஸா ஆட்டோவா? மழ வந்தா?" ஒருவன் பொறுமையாகப் பதில் சொன்னான். மற்றவன் பாடப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டான். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். கால் தானாகப் பர்வீன் தெருவுக்குப் போய் நின்றது. பொழுது சாய்ந்து மாடியில் விளக்குப் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு வார்த்தை அவளிடம் சொல்லிவிட்டு வந்துவிடலாம், திருவண்ணாமலை என்று. மறந்துவிடப் போகிறாள். ஞாபகப்படுத்துவதில் என்ன தப்பு?

போன் அடித்தது. அக்கா.

"எங்க கீறீங்க?"

"டீக்கடைலக்கா."

"எந்தத் தெரு டீக்கடை?"

"இங்கதான், ரூம் பக்கத்துல."

"பஞ்சர் கடைகிட்ட நின்னுக்கினு டீக்கடைன்னு சொல்றீங்க. பர்வீன் ஜன்னல்ல பாத்துட்டா."

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் யாரும் இல்லை. ஆனால் போனில் மிஷின் சத்தம் கேட்டது. துணியில்லாமல் ஓடுகிற சத்தம் எனக்குத் தெரியும்.

"ஒரே வார்த்தக்கா. சொல்லிட்டுப் போய்டறேன்."

"பதினேழு வருசமா சொன்னது பத்தலயா? அந்தப் பொண்ணு இப்ப உள்ள இன்னா பண்ணுது தெரியுமா? எந்தக் காலேஜ்ல இன்னா நல்லாருக்கும், எங்க தண்ணி கெடையாது, எங்க சொல்லித் தர்றாங்கன்னு அந்தப் புள்ளைங்கள குடஞ்சு குடஞ்சு கேட்டுக்கினு கீது. வாயத் தொறந்தா மூடலயாம். உங்க பொண்ணா இதுன்னு பர்வீன் கேக்கறா. நீங்க மேல போனா அது மூடிக்கும். ரூமுக்குப் போங்க சந்தியாப்பா. உங்க வாயத் தைச்சு அனுப்பியிருக்கணும். ஊசிதான் கைல இருந்துச்சே, வுட்டுட்டேன்."

போனேன். அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பையன்கள் தூங்கினார்கள்.

காலையில் ஹால் வாசலில் சந்தியாவைப் பர்வீன் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். போகும்போது என் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைத் திணித்தாள். உள்ளே ஒரு தினைமாவு உருண்டை. "மேகலாம்மா குடுக்கச் சொன்னாங்க அங்கிள். இவ பேரைக் கூப்பிட்டதும் வாய்ல போட்டுக்கணுமாம். அவ்வளவுதான் சொன்னாங்க."

மீதியை நீங்கள் அக்கா வாயாலேயே கேட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டர் முன்னால் சந்தியா உட்கார்ந்ததும், எந்தக் காலேஜ் என்று கேட்டதும், அவள் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்ததும், உருண்டை அண்ணத்தில் அப்பிக்கொண்டு நான் ஊமையாக முழித்ததும், அவள் திரும்பித் தெளிவாகத் "தூத்துக்குடி" என்று சொன்னதும். கோட்டு வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் அக்கா அந்தக் கதையை நடித்தே காட்டினார். கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு என்னை மாதிரியே செய்வார். "என் உருண்டைதான் அந்தப் பொண்ணுக்கு சீட்டு வாங்கிக் குடுத்துச்சு" என்று முடிப்பார்.

ஏன் தூத்துக்குடி என்று வெளியே வந்ததும் கேட்டேன். பர்வீனோடு தங்கியிருந்த ஒரு பெண்ணின் அண்ணன் அங்கே படித்தானாம். பெரிய ஆஸ்பத்திரி, வேலை நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்று சொன்னாளாம். அதோடு சந்தியா கடலைப் பார்த்ததில்லை. "திருவண்ணாமலைன்னா நீ தெனம் வந்துடுவப்பா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அப்படியெல்லாம் இல்லை என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை, தூத்துக்குடியில் மழையா வெயிலா என்று போனில் பார்க்காமல் நான் ஏர் பிடித்ததில்லை.

அக்காவை அடக்கம் செய்த நாளுக்கு வருகிறேன். சேதி கேட்டு அவர் கோட்டைப் போட்டவர்கள் எங்கெங்கிருந்தோ வந்துவிட்டார்கள். சந்தியா இரவு பஸ் பிடித்து வந்தாள். பர்வீன் இப்போது ஹவுஸ் சர்ஜன், நேரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். எல்லாம் முடிந்தபோது பொழுது சாயத் தொடங்கியது. மறுநாள் காலை பால் தெளிக்கும்வரை இருந்துவிட்டுப் போகிறோம் என்றார்கள் பிள்ளைகள். குணாவின் வீடு சிறியது. தெருவில் அத்தனை பிள்ளைகள் பையும் கையுமாக நிற்கிறார்கள், எங்கே படுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அக்காவின் கடைப் பக்கம் பார்த்தோம். பழக்கம்தான்.

நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். நடந்துகொண்டே, "நீ இவங்க வூட்டுக்குப் போம்மா, நீங்க ரெண்டு பேரும் அவரு கூட, செங்கத்துலயே" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. நான் நிறுத்தவும் இல்லை. ஒரு காலத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்குத் தங்கள் அறையில் இடம் தந்தார்களோ, அந்த வீட்டுக்கே அவர்களைப் பிரித்து அனுப்பினேன். மலைக்காரர்கள் நாங்கள் வந்த வேனில் சிலரை ஏற்றிக்கொண்டோம். பர்வீன் என் வீட்டுக்கு.

வீட்டு வாசலுக்கு வந்ததும் பர்வீன் நின்றுவிட்டாள். ஊர்க்கவுண்டரும் எங்களோடு வேனில் வந்தவர், பக்கத்திலேயே நின்றார்.

"இன்னாம்மா, உள்ள வா" என்றாள் என் வீட்டுக்காரி.

"ஆன்ட்டி, நான் உங்க வூட்ல தங்கணும்னா நீங்க எங்க வூட்டுது சாப்ட்டிருக்கணுமே" என்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் உதட்டோரம் சிரித்தாள். பைக்குள் கைவிட்டு ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாள். "எங்கம்மா அடுப்புல செஞ்சது இல்ல. செங்கம் பஸ் ஸ்டாண்டுல வாங்குனது. ஒத்துக்குவீங்களா?"

என் வீட்டுக்காரி கவுண்டரைப் பார்த்தாள். கவுண்டர் வானத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "குடு இங்க. பஸ் ஸ்டாண்டுலயும் அடுப்பு இல்லாமலா செய்யறான்?" வாசலில் நின்றபடியே எல்லாரும் ஆளுக்கொரு பிஸ்கட் தின்றோம். அதன்பிறகு உள்ளே போனோம்.

சட்டையைக் குணாவிடம் கொடுத்தேன். கொடுக்க எனக்குக் கை வரவில்லை, அவன்தான் பிடுங்கிக்கொண்டான். உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா ரெண்டு பக்கமும் உள்ள நெறைய துணி மடிச்சு வுட்டுத்தான் தைச்சிருக்காங்க மாமா. பிரிச்சு வுட்டாலே போதும், புதுசா ஒட்டு போட வேணாம்" என்றான். நான் பெருப்பேன் என்று அப்போதே தெரிந்திருக்கிறது அவருக்கு. அந்தச் சட்டை இப்போது எனக்குத் தாராளமாக இருக்கிறது. வடைத் தட்டு எவ்வளவு தூரத்தில் போனாலும் கூப்பிடலாம். அதுதான் அவரிடமிருந்து என்னிடம் இருப்பது. அதோடு, இந்த வருடம் இடம் கேட்டு வருகிறவர்கள் குணாவுக்கும் எனக்கும் போன் செய்கிறார்கள். நான் பேசுகிறேன். பதில் வரும்வரை நடக்கிறேன். தையல் மிஷின் மிதிக்கத் தெரியாதவன் நடக்கத்தானே வேண்டும்?

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அக்காவைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு வந்தார்கள். என் முறை வந்தபோது எனக்கும் சொல்ல இருந்தது. சுற்றிலும் அவர் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள் நின்றிருந்தார்கள், குணா நின்றிருந்தான், சந்தியா நின்றிருந்தாள். மாலையைச் சரிசெய்வதுபோல ஏதோ செய்துவிட்டு நகர்ந்துவிட்டேன். சொல்ல வந்தது இதுதான்.

அன்றைக்கு என் வாயில் உருண்டை இல்லை அக்கா. ஹால் போர்டில் கூப்பிடுகிற நம்பர் நகர நகரத் தாங்காமல், அவள் பேரைக் கூப்பிடுவதற்கு வெகுநேரம் முன்னாலேயே அதைத் தின்று தண்ணீரும் குடித்துவிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தபோது வாய் காலியாகத்தான் இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த முகம் அது. அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன்.